கேள்வித்தாளின் கூட்டுத்தொகை நோயறிதல் ஆகாது: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தைநல, பொதுநல, மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வருகிறது: "பாடத்தில் கவனமே இல்லை. மருத்துவரிடம் காட்டவும்." பெற்றோர் அதை உங்களிடம் நீட்டுகிறார்கள். நீங்கள் மேசை இழுப்பறையிலிருந்து ஏடிஎச்டிக்கான (கவனக் குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட கோளாறு) ஒரு கேள்வித்தாளை எடுத்துக் கொடுக்கிறீர்கள். வெளியே உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் டிக் அடித்துக் கொண்டுவருகிறார்கள். கூட்டினால் எல்லை தாண்டியிருக்கிறது. மருந்துச் சீட்டில் ஏடிஎச்டி மருந்தான மெத்தில்ஃபெனிடேட் ஏறுகிறது. இன்னோர் அறையில், அதே கேள்வித்தாளில் ஒரு டிக் குறைந்துவிட்டது என்பதற்காக, "ஒன்றுமில்லை, வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஒரு சிறுமி திருப்பி அனுப்பப்படுகிறாள். பார்க்க எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு தவறும் ஒரே இடத்தில் பிறப்பவை. கூட்டுத்தொகையை நோயறிதலாக எடுத்துக்கொள்வதுதான் அந்த இடம்.

கேள்வித்தாள்மேல் எங்களுக்குப் பகையில்லை. அதை முழுதாகப் படியுங்கள் என்றே கேட்கிறோம். பெற்றோர் நிரப்பும் வாண்டர்பில்ட் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 55 கேள்விகள். முதல் ஒன்பது கவனம் பற்றியவை, அடுத்த ஒன்பது துறுதுறுப்பும் அவசரமும் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 2-ம் 3-ம் மட்டுமே கணக்கில் சேரும். ஒன்பதில் ஆறு தேற வேண்டும். பலரும் இத்தோடு தாளை மடித்துவிடுகிறார்கள். 19 முதல் 40 வரை எதிர்ப்புக்குணமும் நடத்தைச் சிக்கல்களும், 41 முதல் 47 வரை பதற்றமும் மனச்சோர்வும், 48 முதல் 55 வரை படிப்பும் உறவுகளும் எப்படியிருக்கின்றன என்பதும் கேட்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கடைசி எட்டுக்கு மட்டும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; எதிலுமே சிக்கலைக் குறிக்கும் 4 அல்லது 5 விழவில்லை என்றால், முன்பக்கம் முழுக்க டிக்காக இருந்தாலும் 'பாதிப்பு' என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. ஆசிரியருக்கு 43 கேள்விகளோடு தனித்தாள் உண்டு. அது வந்து சேராமல் பெற்றோர் தாளை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி.

ஒவ்வொரு டிக்குக்குப் பின்னாலும் ஒரு விசாரணை இருக்கிறது. "நேருக்கு நேர் பேசினாலும் காதில் வாங்காதது போலிருக்கிறது" என்ற கேள்விக்கு எதிரே 3 விழுந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "கடைசியாக எப்போது அப்படி நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்னால் நின்றால் பதில் வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது செவித்திறன். பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து நொடி அப்படியே உறைந்து, இமை லேசாகத் துடித்து, விட்ட இடம் தெரியாமல் விழிக்கிறான் என்றால் அது ஆப்சென்ஸ் வலிப்பாக இருக்கலாம். உங்கள் அறையிலேயே மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொன்னால் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். உறுதிசெய்ய ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) எடுக்கலாம். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அப்படி ஆகிறான் என்றால் ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளை வேறெங்கோ பார்ப்பதில் வியப்பில்லை. வாய் திறந்து தூங்குகிறான், குறட்டை விடுகிறான், காலையில் எழுப்பவே முடிவதில்லை என்றால் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையையும் தொண்டையின் டான்சிலையும் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். வீட்டில் எதையோ நினைத்து அஞ்சிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் காது கேட்காதது போலத்தான் இருக்கும். இவை எதுவும் இல்லாமல், விருப்பமான வேலையிலும் இல்லாத வேலையிலும், வீட்டிலும் வகுப்பிலும், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று விடை வரும்போதுதான் அந்த 3 ஏடிஎச்டியின் பக்கம் நிற்கிறது. ஒரே டிக்குக்கு ஆறு பொருள். பதினெட்டையும் இப்படி விசாரிக்கப் பத்து நிமிடம் எங்கே போதும்?

அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேடு கேட்பதும் இதைத்தான். அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும் (முந்தைய பதிப்பில் இது 7 வயது). இரண்டு சூழல்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைத் தெளிவாகப் பாதிக்க வேண்டும். வேறொரு காரணம் இதைவிட நன்றாகப் பொருந்தக் கூடாது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகள் போதும். இவற்றில் கேள்வித்தாள் சொல்வது அறிகுறிகளின் எண்ணிக்கையையும் கொஞ்சம் பாதிப்பையும்தான். மிச்சத்தை நீங்கள்தான் கேட்டு எடுக்க வேண்டும்.

வயதையும் பாருங்கள். பிள்ளைக்கு எத்தனை வயது என்பதோடு, அந்த வகுப்பில் அவன் எத்தனையாவது இளையவன் என்பதும் தேவை. 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், செப்டம்பர் 1-ஐப் பள்ளிச் சேர்க்கை எல்லையாகக் கொண்ட மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த குழந்தைகளில் 10,000-க்கு சுமார் 85 பேருக்கு ஏடிஎச்டி முத்திரை விழுந்திருந்தது. செப்டம்பரில் பிறந்தவர்களில் சுமார் 64 பேர். எல்லை வேறாக இருந்த மாநிலங்களில் இப்படி இடைவெளி இல்லை. ஆகஸ்டு பிள்ளை வகுப்பிலேயே கடைக்குட்டி. செப்டம்பர் பிள்ளை மூத்தது. ஆறு வயதில் ஓராண்டு வித்தியாசம் என்பது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. ஆசிரியர் ஒப்பிடுவது பக்கத்து பெஞ்சோடு. நீங்கள் ஒப்பிட வேண்டியது அதே வயதோடு.

பெண்குழந்தைகள் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் வேறு. நாற்காலிமேல் ஏறுபவன் எல்லாருக்கும் தொந்தரவு; ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் யாருக்கும் தொந்தரவில்லை. அவள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒரு மணி நேர வீட்டுப்பாடத்தை முடித்துக் கொண்டுபோவாள். மதிப்பெண் நன்றாகவே இருக்கும். "எவ்வளவு நேரமாகிறது, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அழுகை உண்டா?" என்று மூன்று கேள்வி கேட்டால் விலை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

"கேம் விளையாடினால் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, அவனுக்கா கவனக் குறைபாடு?" இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்கலாம். மருத்துவர் கேட்டால்தான் சங்கடமாக இருக்கிறது. பெயரில்தான் 'குறைபாடு' என்று இருக்கிறது. சிக்கல் கவனத்தின் அளவில் இல்லை, அதன்மீதான ஆட்சியில் இருக்கிறது. நொடிக்கு நொடி பரிசு தரும் வேலையில் கவனம் தானாக ஒட்டிக்கொள்ளும். பலன் நாளைக்கோ அடுத்த மாதமோ வரும் வேலையில் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் முடிவதில்லை. 2007-ல் வெளியான மூளைப்பட ஆய்வொன்றில், மூளைப் புறணியின் பெரும்பகுதி உச்சத் தடிமனை எட்டிய இடைநிலை வயது மற்றக் குழந்தைகளில் ஏழரை, ஏடிஎச்டி உள்ளவர்களில் பத்தரை. பாதை ஒன்றே, வருகைதான் மூன்றாண்டு தாமதம். இரட்டையர் ஆய்வுகள் மரபுப் பங்கை முக்கால்வாசி என்கின்றன. ஆகவே பிள்ளையைப் பற்றிப் பேசும்போது "நானும் அந்த வயதில் இப்படித்தான்" என்று அப்பா சிரித்தால், சிரித்துவிட்டு நகராதீர்கள். அது குடும்ப வரலாறு. பிறகு நீங்கள் தரப்போகும் ஆலோசனையை வீட்டில் நடத்தவேண்டியவரும் அவரே; அவருக்கும் இதே சிக்கல் இருக்கலாம் என்பதால் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரி, நோயறிதல் உறுதியானது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் மருந்தில்லை, பெற்றோர் பயிற்சி. 'கவுன்சலிங் போங்கள்' என்று ஒரு வரியில் எழுதினால் அது பயிற்சி ஆகாது. கூப்பிடும் தொலைவில் நின்று, கண் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. செய்த அடுத்த நொடி குறிப்பான பாராட்டு: "நல்ல பிள்ளை" போதாது, "சொன்னதும் ஷூவை எடுத்து வைத்தாயே" என்று. சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாதிருப்பதும், பெரியதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்த சிறு விளைவும். இதைச் செய்துகாட்டி, பெற்றோரைச் செய்யச் சொல்லிப் பார்த்து, வாராவாரம் திருத்த வேண்டும்.

பள்ளி வயதில் மருந்தோடு சேர்ந்து வேலை செய்யும் கருவிகளில் மலிவானதும் வலுவானதும் தினசரி அறிக்கை அட்டை. மூன்றிலிருந்து ஐந்து இலக்குகள், ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக. 'ஒழுங்காக இருப்பான்' என்று எழுதினால் அட்டை அன்றே செத்துவிடும். ஒரு பாடவேளையில் பன்னிரண்டு முறை குறுக்கிடுகிறான் என்று முதலில் எண்ணிக்கொண்டு, 'ஒன்பதுக்கு மேல் போகாது' என்று இலக்கு வைக்க வேண்டும். ஐந்து நாளில் நான்கு நாளாவது ஜெயிக்கிற உயரத்தில் கோல் இருக்கட்டும். ஜெயிக்க ஜெயிக்க எட்டு, ஆறு, நான்கு என்று இறக்கலாம். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் ஆம் அல்லது இல்லை என்று குறிப்பார். பரிசு அன்று மாலையே வீட்டில். வார இறுதிப் பரிசு இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த நூற்றாண்டு. அட்டை தோற்கும் இடங்கள் எப்போதும் இவைதான்: இலக்கு பெரிதாக இருப்பது, பரிசு தள்ளிப்போவது, இரண்டு வாரம் நன்றாக ஓடியதும் 'இனி தேவையில்லை' என்று நிறுத்துவது. தண்டனையாக இடைவேளையைப் பறிப்பது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறோம்: ஓடித் தீர்க்க வேண்டியவனை உட்காரவைத்தால் அடுத்த பாடவேளையில் ஆசிரியருக்குத்தான் தண்டனை.

இனி மருந்து. ஆறு வயதைத் தாண்டியவர்களுக்கு நன்கு சோதிக்கப்பட்ட மருந்துகள் இவை. பயப்படத் தேவையில்லை, ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு மறக்கவும் முடியாது. தொடங்குமுன் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கும் ஏட்டில் ஏற வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உண்டா, ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் ஈசிஜியும் இதய மருத்துவரும் தேவை, இல்லையென்றால் எல்லாருக்கும் ஈசிஜி எடுக்க வேண்டியதில்லை. தூக்கமும் பசியும் இப்போது எப்படி என்று எழுதி வையுங்கள். இதை விட்டுவிட்டால், ஆரம்பத்திலிருந்தே பதினொரு மணிக்குத் தூங்கிய பிள்ளையின் தூக்கமின்மையும் பிறகு மாத்திரையின் கணக்கில் சேரும்.

குறுகிய நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் 5 மி.கி. காலையும் மதியமும் என்று தொடங்கி, வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. வரை ஏற்றலாம், நாளொன்றுக்கு வழக்கமான உச்சம் 60 மி.கி. சரியான அளவை எடை சொல்லாது. படிப்படியாக ஏற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். '10 மி.கி. ஒரு மாதம் கொடுத்தோம், பலனில்லை' என்று முடியும் கதைகளில் பெரும்பாலும் மருந்து தோற்கவில்லை, ஏற்றத்தான் இல்லை. ஏற்றும் வாரங்களில் யாரைக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு வேளை மருந்தின் வேலை நான்கு மணி நேரம்தான். அது நடப்பது வகுப்பில். பிள்ளை வீடு திரும்பும் நேரத்தில் மருந்து வடிந்து, அரைமணி முதல் ஒரு மணி நேரம் எரிச்சலும் அழுகையுமாக இருக்கும். அம்மா பார்ப்பது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும். "மாத்திரை போட்டதிலிருந்து மோசமாகிவிட்டான்" என்று அவர் சொல்வது பொய்யில்லை. ஆசிரியர் வேறு சொல்வார், அதுவும் பொய்யில்லை. தீர்வு நிறுத்துவதல்ல: நீண்டநேர வகைக்கு மாற்றுவது, அல்லது தூக்கத்தைக் கெடுக்காத நேரத்தில் மாலை ஒரு சிறு வேளை சேர்ப்பது.

பிள்ளை சாந்தமாகிவிட்டான், ஆனால் சிரிப்பும் போய்விட்டது என்றால் அது வெற்றியல்ல, அளவு மிஞ்சியதன் அடையாளம், இறக்குங்கள். பசி மதியம் படுத்துவிடும், அதனால் மாத்திரைக்கு முன் வயிறார ஒரு வேளை, மருந்து வடிந்தபின் இரவில் இன்னொன்று. பத்து வயதுவரை எடையை மூன்று மாதத்துக்கொரு முறையும், உயரத்தை ஆறு மாதத்துக்கொரு முறையும் வளர்ச்சி வரைபடத்திலேயே புள்ளியிட்டுப் பாருங்கள். முதல் சில ஆண்டுகளில் எதிர்பார்த்த உயரத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையலாம். கோடு கீழே சரிவது வரைபடத்தில்தான் தெரியும், தனித்தனி எண்களில் தெரியாது.

ஓஸ்மாட்டிக் வகை (கூட்டுக்குள்ளிருந்து மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும்) நீண்டநேர மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது என்பதைச் சொல்லும்போதே, அதன் கூடு மலத்தோடு முழுசாக வெளியேறும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாததால் "மாத்திரை கரையவே இல்லை" என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு.

மெத்தில்ஃபெனிடேட்டுக்கு மாற்றான ஆட்டமாக்ஸெட்டினின் சிக்கல் பொறுமை. கிலோவுக்கு 0.5 மி.கி. என்று தொடங்கி, மூன்று நாளாவது கழித்து 1.2 மி.கி.க்கு ஏற்றினாலும் முழுப்பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். இரண்டாவது வாரத்தில் கைவிடுவது விதைத்த மறுநாள் தோண்டிப் பார்ப்பதற்குச் சமம். மனச்சோர்வு மருந்துகளான ஃப்ளூவாக்ஸெட்டினோ பராக்ஸெட்டினோ எடுப்பவர்களிடம் இது ரத்தத்தில் தேங்கும் என்பதால் மெதுவாக ஏற்ற வேண்டும். முதல் மாதங்களில் தற்கொலை எண்ணம் பற்றி வாய்விட்டுக் கேட்க வேண்டும். மற்ற ஏடிஎச்டி மருந்துகளான குவான்ஃபசினிலும் குளோனிடினிலும் ஆபத்து நிறுத்தும்போதுதான்: சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போகிற குடும்பம் என்றால் எழுதுமுன் இருமுறை யோசியுங்கள்.

ஏடிஎச்டி சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999-ல் முடிவுகள் வெளியான எம்டிஏ ஆய்வை நீங்கள் அறிவீர்கள்: 579 குழந்தைகள், 14 மாதம், நான்கு குழுக்கள் (மருந்து, நடத்தைச் சிகிச்சை, இரண்டும் சேர்ந்தது, ஊரில் கிடைத்த வழக்கமான சிகிச்சை). அதில் அதிகம் பேசப்படாத ஒன்றை நினைவூட்டுகிறோம். ஊரில் கிடைத்த வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து எடுத்தார்கள். ஆனாலும் ஆய்வு மருத்துவர்கள் நடத்திய மருந்துக் குழு தெளிவாக முந்தியது. அங்கே அளவு படிப்படியாகத் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது, மாதந்தோறும் சந்திப்பு நடந்தது, ஆசிரியரிடம் கேட்டார்கள். வெளியே ஆண்டுக்கு ஓரிரு சந்திப்பு, குறைந்த அளவு. 14 மாதம் முடிந்து அந்தக் கவனிப்பும் நின்றபின், மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கிடையே வித்தியாசமும் மறைந்துவிட்டது. இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எங்களுக்குப் படுவது, மருந்தைவிட அதைச் சுற்றியிருந்த கவனிப்பே அங்கே அளக்கப்பட்டது என்பது.

பெரியவர்கள் விஷயத்தில் தவறு இன்னும் எளிது. பெரியவர்கள் தாங்களே நிரப்பும் ஏஎஸ்ஆர்எஸ் தாளின் முதல் ஆறு கேள்விகளில் நான்கு தேறினால் 'மேலே விசாரிக்கவும்' என்றுதான் பொருள். தூக்கம் கெட்டவர், பதற்றத்தில் இருப்பவர், அதிகம் குடிப்பவர், தைராய்டு கோளாறு உள்ளவர் எல்லாரும் அந்த நான்கை எளிதில் தாண்டுவார்கள். வித்தியாசம் காலக்கோட்டில் இருக்கிறது. இரண்டு வருடமாகத்தான் என்றால் வேறு காரணம் தேடுங்கள். வந்து வந்து போகிறது, இடையில் தூக்கமே வேண்டாத உற்சாக நாட்கள் உண்டு என்றால் இருமுனையக் கோளாறை நினையுங்கள். எட்டு வயதிலிருந்தே என்றால் சான்று கேளுங்கள். பழைய பள்ளி அறிக்கைகளில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதியதைப் படியுங்கள்: 'திறமை உண்டு, முயற்சி இல்லை', 'கவனப்பிழைகள்'. அறிக்கை இல்லையென்றால் பெற்றோரோ மூத்த உடன்பிறப்போ ஒருவர் தொலைபேசியிலாவது பேசட்டும். வளர்ந்தவரிடம் துறுதுறுப்பு வெளியே தெரியாது. கூட்டத்தில் கால் ஆடும், பணம் கையிலிருந்தும் கட்டணத் தேதி தவறும், "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்பது எப்போதும் நாற்பது நிமிடமாகும். பள்ளியில் நன்றாகப் படித்தவர் கல்லூரியிலோ முதல் வேலையிலோ சரிவதும் இதோடு முரண்பட்டதல்ல. அதுவரை எழுப்பிவிட்ட கையும் அட்டவணையும் விலகியபின் தெரிவது அது. மருந்தோடு அவருக்கு வேண்டியது ஒரே நாட்காட்டி, ஒரே பட்டியல், பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிய வேலை. ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் அதை முதலில் அடக்குங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவ்வளவே. நோயறிதலுக்கு இரண்டு அமர்வு ஒதுக்குங்கள். ஆசிரியரின் தாள் வராமல் சீட்டு எழுதாதீர்கள். காது, கண், தூக்கம், வாசிப்பு நான்கும் பார்க்கப்பட்டனவா என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள். 'இல்லை' என்று திருப்பி அனுப்பும் பிள்ளைக்கும் ஆறு மாதம் கழித்து ஒரு தேதி கொடுங்கள். மருந்து தொடங்கினால், முதல் சீட்டை நான்கு வாரத்துக்கு மேல் எழுதாதீர்கள். அதன் அடியில் அடுத்த சந்திப்பின் தேதியும், அன்று ஆசிரியரின் புதுத்தாளைக் கொண்டுவரப் போவது யார் என்பதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏடிஎச்டி மதிப்பீட்டிலும் சிகிச்சையிலும் பணிபுரிவோர்

பி.கு.: மூளை ஸ்கேனோ, ஈஈஜி அலை விகிதமோ, கணினியில் பொத்தான் அழுத்தும் கவனத் தேர்வோ தனித்து நின்று இதைக் கண்டுபிடிக்காது. அதற்குச் செலவிடச் சொல்லும் பணத்தில் வாசிப்புத் திறன் மதிப்பீடு ஒன்றைச் செய்துவிடலாம். சர்க்கரையை நிறுத்தச் சொல்வதானால் பல்லுக்காகச் சொல்லுங்கள். 1995-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது குழந்தைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை.